48 மணி நேரத்தில் முளைக்காதது

அப்பாவின் பிளேட்டை நானேதான் குப்பைக்கு அனுப்பினேன்.

2018 சித்திரை மாதம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் லேபில், காலை எட்டு மணிக்கு இன்குபேட்டரைத் திறந்து, முந்தாநாள் போட்ட கல்ச்சர் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுடைய பிளேட்டில் ரத்த அகர் வைத்தது வைத்தபடி இருந்தது. சிவப்பாக, வழவழவென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல். 48 மணி நேரம் முடிந்திருந்தது. ‘நோ க்ரோத்’ என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். பிளேட்டை ஆட்டோகிளேவுக்குப் போகும் பையில் போட்டேன். சீழ் மாதிரிக்கு எங்கள் லேபில் மட்டுமில்லை, பெரும்பாலான இடங்களில் இதுதான் நடைமுறை. இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் செய்துவந்திருக்கிறேன்.

பிறகு வெளியே வந்து அப்பாவுக்கு போன் போட்டேன். “ஒண்ணும் இல்லப்பா. ரிப்போர்ட் நல்லா வந்திருக்கு. தைரியமா இருங்க” என்றேன்.

அந்த வாக்கியம் தப்பு. ஏன் தப்பு என்று எனக்குப் புரிய இன்னும் ஐந்து வாரம் ஆனது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நெஞ்சில் பேட்டரி வைத்திருக்கும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கடைசிவரை படியுங்கள். என்னைப் போல லேபில் நிற்கிறவர் என்றால் இன்னும் கவனமாகப் படியுங்கள்.

அப்பா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பின்னால் வீடு. தினமும் சாயங்காலம் நாலு வீதியையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கீழக் கோபுர வாசல் வழியாகக் கோயிலுக்குள் போய்விட்டு வருவார். அந்த வருஷம் மாசியில், செருப்பு விடும் இடத்தில் அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாதான் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்காரவைத்தது. நாடி பார்த்தபோது நிமிஷத்துக்கு 34.

ஈ.சி.ஜி. எடுத்ததுமே சொல்லிவிட்டார்கள், கம்ப்ளீட் ஹார்ட் பிளாக். இதயத்தின் மேல் அறையில் கிளம்பும் மின்துடிப்பு கீழ் அறைக்கு இறங்கவில்லை. மேலே ஒரு வேகம், கீழே ஒரு வேகம். இதற்கு மாத்திரை கிடையாது, பேஸ்மேக்கர்தான். வெளியூரில் ஒரு மருத்துவமனையில் வைத்தார்கள். இடது காரை எலும்புக்குக் கீழே தோலைக் கீறி, உள்ளே ஒரு சின்னப் பை மாதிரி இடம் செய்து, தீப்பெட்டியளவுகூட இல்லாத அந்தப் பெட்டியை அதற்குள் வைப்பார்கள். பெட்டியிலிருந்து இரண்டு ஒயர் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும். ஒயரை லீட் என்பார்கள், பெட்டி இருக்கும் இடத்தைப் பாக்கெட் என்பார்கள். எங்கள் தெருவில் எல்லோரும் பேட்டரி என்றுதான் சொன்னார்கள். அப்பாவும் அப்படியே.

இந்தக் கருவியின் பிறப்பைப் பற்றி ஒரு சேதி சொல்கிறேன், அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். வைத்தவர் ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர், செய்துகொடுத்தவர் ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற பொறியாளர். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து அதற்குள் பிசினை ஊற்றி வார்த்தார்களாம். அந்த முதல் பெட்டி சில மணி நேரம்தான் ஓடியது. லார்சனோ ஒன்று மாற்றி ஒன்றாக 26 கருவிகளோடு 2001 வரை வாழ்ந்தார். சாகும்போது வயது 86. வைத்தவரும் செய்தவரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். நான் இதைச் சொன்னபோது அப்பா, “அப்ப எனக்கு இன்னும் 25 பாக்கி இருக்கு” என்றார்.

கருவி வைத்த மூன்றாம் நாளே வீக்கம். அப்பாவுக்கு ரத்தம் உறையாமல் இருக்க முன்பிருந்தே இரண்டு மாத்திரை உண்டு. பாக்கெட்டுக்குள் ரத்தம் கசிந்து கட்டி, எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். அங்கே சிரிஞ்சால் குத்தி ரத்தத்தை உறிஞ்சி எடுத்தார்கள். வலி உடனே குறைந்தது. நானும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இன்று அந்த இடத்தை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. பேஸ்மேக்கர் பாக்கெட்டில் கட்டிய ரத்தத்தை ஊசியால் உறிஞ்சக் கூடாது. வெளியே தோலில் இருக்கும் கிருமியை ஊசி நேராகக் கருவியின் மேல் கொண்டுபோய் வைத்துவிடும். ரத்தம் கட்டுவதே தனி ஆபத்து. கனடாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய அளவில் ரத்தம் கட்டியவர்களுக்குப் பின்னாளில் கடுமையான கிருமித்தொற்று வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். லேசான கட்டு தானாகக் கரையும். பெரிதானால், தோல் விண்ணென்று இழுபட்டால், கருவி வைத்த மருத்துவமனைக்கே திரும்பப் போக வேண்டும். வேறெங்கும் நிறுத்தக் கூடாது.

ஆறாவது வாரம் பாக்கெட்டின் மேல்தோல் சிவந்தது. காய்ச்சல் இல்லை, குளிர் இல்லை, நல்ல பசி. அதனால் யாருக்கும் அவசரமாகத் தோன்றவில்லை. பாக்கெட் தொற்று பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான் வரும். தோல் மெதுவாக ஊதா நிறமாகி, மெலிந்து, பளபளக்கும். அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து மேலே பூசினாள். ஒரு டாக்டர் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் ஏழு நாள் ஊசி. அதற்கிடையில்தான் அப்பாவின் சீழ் மாதிரி என் லேபுக்கு வந்தது. நான் ‘நோ க்ரோத்’ எழுதினேன்.

பாக்கெட்டில் வழக்கமாக எந்தக் கிருமி வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பாதிக்கு மேல் ஸ்டெஃபைலோகாக்கஸ் குடும்பம்தான். நம் தோலிலேயே குடியிருப்பவை. மஞ்சள் நிறமாக வளரும் ஆரியஸும், வெள்ளையாக வளரும் எபிடெர்மிடிஸும் எனக்கு முகம் தெரிந்தவர்கள் மாதிரி. ஒரே ராத்திரியில் பிளேட்டில் வளர்ந்து நிற்கும். இவற்றைத் தடுக்கத்தான் அறுவைக்கு ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாட்டிக் போடுகிறார்கள். பிரேசிலில் இதை ஒப்பிட்டு நடந்த ஆய்வின் முடிவு 2009-இல் வெளிவந்தது. ஊசி போட்டவர்களில் தொற்று வந்தவர்கள் 0.63 சதவீதம், போடாதவர்களில் 3.28 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று தெரிந்ததால், 649 பேரோடு ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இனியும் போடாமல் வைத்திருப்பது நியாயமில்லை என்று.

ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு வெளியேயும் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. அதில் ஒன்றுதான் அப்பாவின் நெஞ்சில் இருந்தது. ஒரே ராத்திரியில் வளராத ஒன்று.

வைகாசி கடைசியில் அந்த ஊதாத் தோலின் நடுவில் ஊசி முனையளவுக்கு ஓட்டை விழுந்தது. மெல்லிய, தண்ணீர் போன்ற சீழ். அன்று ராத்திரி நான் சிதம்பரத்தில் இருந்தேன். அப்பா சட்டையைக் கழற்றிக் காட்டி, “பாப்பா, இதுல ஒண்ணும் இல்லைன்னியே” என்றார். குறை சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எனக்கு மைக்ரோபயாலஜி சொல்லிக்கொடுத்த மேடம் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். அவருக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“பிளேட்டை எத்தனை நாள் வச்சிருந்தே?”

“ரெண்டு நாள் மேடம்.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார். “இந்தத் தடவை நீயே எடுத்துப் போடும்மா. ஊசியால குத்தாதே, வெளிய வர்றதை மட்டும் பிடி. ஒரு பிளேட் 37-ல, இன்னொண்ணு 30 டிகிரில. ரெண்டையும் ஏழு நாளாவது வை, காயாம பார்த்துக்கோ. முதல்ல ஒரு ஸ்லைடு ஏ.எஃப்.பி. போடு.”

ஏ.எஃப்.பி. என்பது காசநோய்க்குச் சளியில் பார்ப்பார்களே, அதே சாயம். ஸ்லைடில் கார்பால் ஃபுக்சினை ஊற்றிச் சூடாக்கி, அமிலத்தால் கழுவி, மெத்திலீன் நீலம் போடுவோம். எந்தக் கிருமியின் மேல் மெழுகு போன்ற உறை இருக்கிறதோ அது மட்டும் அமிலத்துக்கு அசையாமல் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். நெஞ்சில் வைத்த கருவியின் சீழுக்கு ஏ.எஃப்.பி. பார்க்க யாரும் என்னிடம் எழுதிக் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

மறுநாள் காலை புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாக பஸ்ஸில் கடலூருக்கு வந்தேன். மடியில் சின்ன டப்பாவில் அப்பாவின் சீழ். முதல் வேலையாக ஸ்லைடைப் போட்டேன். எண்ணெய் விட்டு நூறு லென்ஸில் பார்த்தேன். நீலப் பரப்பில் உடைந்த வெள்ளை அணுக்கள் ஏராளம். ஐந்தாவது, ஆறாவது பார்வையில், ஒரு அணுவின் ஓரத்தில் மூன்று சிவப்புக் குச்சிகள். மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து, வெளியே போய் நின்றுவிட்டு, திரும்ப வந்து மறுபடி பார்த்தேன். இருந்தன.

நாலாம் நாள், 30 டிகிரி பிளேட்டில் ரவை சிந்தியது போல் புள்ளிகள். 37 டிகிரி பிளேட் அன்றைக்கும் வெறுமையாகத்தான் இருந்தது.

சிவப்புக் குச்சி என்றதும் முதலில் கேட்ட டாக்டர், “டி.பி.தான், மாத்திரை ஆரம்பிச்சிடலாம்” என்றார். நம் ஊரில் அது இயல்பான எண்ணம்தான். ஆனால் காசநோய்க் கிருமி நாலு நாளில் பிளேட்டில் வளராது, வாரக்கணக்காகும். மேடம் இன்னொரு வழியும் சொன்னார். சிபிநாட் பரிசோதனை காசநோய்க் கிருமிக் குடும்பத்தை மட்டும்தான் கண்டுபிடிக்கும். சாயத்தில் சிவப்புக் குச்சி தெரிந்து, சிபிநாட்டில் இல்லை என்று வந்தால், இது அந்தக் குடும்பத்துக்கு வெளியே உள்ள வேறொரு மைக்கோபாக்டீரியம் என்று சந்தேகப்பட வேண்டும். அப்பாவுக்கு அப்படியே வந்தது. அந்த ஒரு சோதனை இல்லாவிட்டால், இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாத டி.பி. மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டு, நெஞ்சில் ஓட்டையோடு காத்திருந்திருப்பார்.

வளர்ந்ததைச் சென்னைக்கு அனுப்பினோம். பெயர் வந்தது: மைக்கோபாக்டீரியம் செலோனே.

செலோனே என்றால் ஆமை. 1903-இல் பிரெட்ரிக் ஃப்ரீட்மன் என்ற ஜெர்மன் மருத்துவர், பெர்லின் மீன்காட்சியகத்தில் செத்துப்போன கடலாமைகளின் நுரையீரலில் காசநோய் போன்ற கட்டிகளைப் பார்த்தார். அதிலிருந்து பிரித்தெடுத்ததுதான் இது. ஆமைக் கிருமியைக் கொண்டு மனிதரின் காசநோயைக் குணமாக்கலாம் என்று நம்பி, 1913-இல் நியூயார்க் வரை போனார். அங்கே சோதித்தவர்கள் பலனில்லை என்று கைவிட்டார்கள். இதன் நெருங்கிய உறவு ஃபார்ச்சூட்டம், முதலில் தவளையில் கண்டது. மூன்றாவது அப்செசஸ், ஒருவருடைய முழங்கால் கட்டியில். ஆமையும் தவளையும் மனிதனைப் போல 37 டிகிரி உடம்புக்காரர்கள் இல்லை. செலோனேக்குப் பிடித்ததும் 30 டிகிரிப் பக்கம்தான். அதனால் உள் உறுப்புகளைவிட, குளிர்ச்சியான தோலுக்கு அடியில்தான் அதிகம் குடியேறும். பேஸ்மேக்கர் பாக்கெட் இருப்பதும் அங்கேதான். என் இன்குபேட்டரின் 37 டிகிரியில் அது ஏன் அடம்பிடித்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

தேவனாம்பட்டினம் மணலில் பங்குனி ஆமை கரையேறும் காலத்தில் நடந்து வளர்ந்தவள் நான். வனத்துறைக்காரர்கள் முட்டைகளைப் பாதுகாப்பாக எடுத்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு இது ஆமையிடமிருந்து வந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெயர்தான் ஆமை. இந்தக் கிருமிகள் குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் தூசியிலும் எங்கும் இருக்கின்றன. குளோரினுக்கு எளிதில் சாகாது. குழாயின் உட்புறத்தில் வழவழவென்று ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் இருக்கும்.

நம் மண்ணுக்கும் இந்தக் கூட்டத்துக்கும் பழைய உறவு. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான மக்களோடு பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கும் பெரிய ஆய்வு தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற முடிவு உலகத்தையே திகைக்க வைத்தது. குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து பி.சி.ஜி. காப்பது வேறு விஷயம், அதில் சந்தேகம் வேண்டாம். செங்கல்பட்டில் ஏன் பலிக்கவில்லை என்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது இது: அந்த வட்டாரத்து மக்கள் மண்ணிலும் நீரிலும் உள்ள இதர மைக்கோபாக்டீரியங்களோடு சின்ன வயதிலிருந்தே பழகியவர்கள், உடம்பு ஏற்கெனவே ஓரளவு பயிற்சி பெற்றிருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்பே நம் தண்ணீரில் இருப்பதாகப் பேசப்பட்ட கிருமியை, சீழில் தேட நமக்கு இன்னும் கை வரவில்லை.

உலகம் முழுவதும் பேஸ்மேக்கரில் இந்த வேகமாக வளரும் மைக்கோபாக்டீரியங்கள் வந்ததாகப் பதிவானவை குறைவு. 2016-இல் அட்லாண்டா மருத்துவர்கள் தங்கள் நோயாளி ஒருவரைப் பற்றி எழுதும்போது பழைய பதிவுகளையும் திரட்டினார்கள். எல்லாம் சேர்த்தும் சில பத்துதான். ‘வேகமாக’ என்பது காசநோய்க் கிருமியோடு ஒப்பிட்டுச் சொல்வது. மூன்று நாளிலிருந்து ஏழு நாள். எங்களுக்கு அது மெதுவானது. பதிவானவை குறைவு என்பதில் என் போன்றவர்கள் வீசியெறிந்த பிளேட்டுகளின் பங்கு எவ்வளவு என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

சென்னையில் அப்பாவைப் பார்த்த இதய மருத்துவர் படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார். “ஐயா, மருந்து மட்டும் கொடுத்தா இது போகாது. பெட்டியையும் ஒயரையும் முழுசா வெளிய எடுக்கணும். ஒரு துண்டு உள்ள இருந்தாலும் திரும்ப வரும்.”

அப்பாவுக்கு அது பிடிபடவில்லை. மருந்துதான் கிருமியைக் கொல்லுமே, பிறகு ஏன் நல்லா ஓடுகிற பேட்டரியை எடுக்க வேண்டும்? நான் எங்கள் கோயிலின் சிவகங்கைக் குளத்துப் படியைச் சொன்னேன். தண்ணீரில் மிதக்கும் பாசியைக் கையால் அள்ளிவிடலாம். படியில் ஒட்டி வழுக்குகிற பாசியை எத்தனை குடம் ஊற்றினாலும் கழுவ முடியாது. கிருமியும் உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒட்டியதும் தன்னைச் சுற்றி ஒரு கொழகொழப்பான படலத்தைச் சுரந்து அதற்குள் பதுங்கிவிடும். பயோஃபிலிம் என்பார்கள். ரத்தத்தில் வரும் மருந்து அதற்குள் சரியாக இறங்காது, உள்ளே இருப்பதும் பாதித் தூக்கத்தில் கிடக்கும். பரங்கிப்பேட்டையில் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறதே, படகின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டுவதைப் பற்றி ஆராய்கிறவர்கள் பேசுவதும் இதே படலத்தைப் பற்றித்தான். முதலில் நுண்ணுயிர்ப் படலம், அதன் மேல் மற்றதெல்லாம். அப்பாவுக்கு அது உடனே புரிந்தது. “அப்ப படியையே பேத்து எடுக்கணும்” என்றார்.

ஒன்று மட்டும் எங்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. கருவி வைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வருஷத்துக்குள் என்றால் லீட் பெரும்பாலும் மெதுவாக இழுத்தாலே வந்துவிடும். ஆண்டுகள் ஏற ஏற, ரத்தக்குழாய்ச் சுவரோடும் இதயத்தின் உட்சுவரோடும் நார்த்திசு வளர்ந்து ஒயரை இறுக்கிவிடும். அப்போது லேசர் உறையோ, திருகிக்கொண்டே போகும் உறையோ வேண்டும். குழாய் கிழியும் ஆபத்து உண்டு, அதற்கென்று பழகிய கைகள் வேண்டும். ஆகவே, பாக்கெட் சிவந்தால் ‘பார்க்கலாம்’ என்று ஆறு மாதம் தள்ளிப்போடாதீர்கள்.

அப்பாவின் இதயம் பேட்டரி இல்லாமல் நிற்காது. பெட்டியை எடுத்துவிட்டு, கழுத்தின் வலப்புறம் வழியாகத் தற்காலிக ஒயர் ஒன்றை இறக்கி, கருவியைத் தோளுக்கு வெளியே ஒட்டி வைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அதோடுதான் இருந்தார். மகனைப் போல அதைக் கையால் அணைத்துக்கொண்டே தூங்குவார். காயம் சுத்தமானதும் வலது பக்கத்தில் புதுக் கருவி. எடுத்த லீட்டின் நுனியை வெட்டி அவர்கள் போட்ட கல்ச்சரிலும் செலோனேதான் வளர்ந்தது.

மருந்து அதற்குப் பிறகும் நீண்டது. கிளாரித்ரோமைசின் மாத்திரை ஐந்து மாதம். முதல் சில வாரம் ஆமிகேசின் ஊசியும். ஆமிகேசின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. அதனால் கிரியாட்டினினும் கேட்கும் திறனும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்பாவுக்கு வலது காதில் கொஞ்சம் இரைச்சல் தங்கிவிட்டது. அது போகவில்லை.

எங்கிருந்து வந்தது? கிளினிக்கில் குத்திய ஊசியோடா, ஈரமான கட்டோடு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குளித்தபோதா, அதற்கும் முன்பா? எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் தண்ணீர்தான் வழி என்பதை மற்ற ஊர்க் கதைகள் சொல்கின்றன. பிரேசிலில் 2004 முதல் சில ஆண்டுகள், லேப்ராஸ்கோப்பி செய்த நூற்றுக்கணக்கானோருக்கு இந்தக் கூட்டத்துக் கிருமி பரவியது. கருவிகளை ஊறவைக்கும் குளூடரால்டிஹைடு கரைசலை அது தாக்குப்பிடித்தது. நம் ஊரிலும் வயிற்றில் துளையிட்டுச் செய்யும் அறுவைக்குப் பிறகு, ஆறிய துளை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் கசிவதைப் பார்த்த அறுவை மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள். கரைசலில் ஊறவைத்த கருவியைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசினாலே போதும், எல்லாம் வீண்.

சூரிச்சில் நடந்தது இன்னும் நுட்பமானது. திறந்த இதய அறுவை முடிந்து ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு மைக்கோபாக்டீரியம் கைமேரா என்ற கிருமி. தேடிக்கொண்டே போனார்கள். அறுவையின்போது ரத்தத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஓரமாக நிற்கும் இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியில் அது இருந்தது. அந்தத் தண்ணீர் நோயாளியைத் தொடுவதே இல்லை. தொட்டியிலிருந்து கிளம்பிய நுண்துளி, மின்விசிறிக் காற்றில் ஏறி, திறந்த நெஞ்சின் மேல் இறங்கியிருக்கிறது. 2015-இல் இது வெளியானதும் பல நாடுகள் தங்கள் அரங்குகளைச் சோதித்தன. மரபணுவை ஒப்பிட்டபோது, பல நாட்டு நோயாளிகளின் கிருமி ஒரே உற்பத்திக்கூடத்தை நோக்கிக் கைகாட்டியது.

வீசியெறியப்படும் பிளேட்டுகளில் வேறு ஆட்களும் உண்டு. மெலியாய்டோசிஸ் என்ற நோயின் கிருமி நெல் வயல் சேற்றில் இருப்பது. மழைக்காலத்தில், அதிலும் சர்க்கரை நோயாளிகளுக்கு வரும். பிளேட்டில் வளரும், ஆனால் சாதாரண சூடோமோனாஸ் என்று எழுதி ஒதுக்கிவிடுவது எளிது. இந்த நோயை முதன்முதலில் உலகுக்குச் சொன்ன 1912 ரங்கூன் கட்டுரையில் விட்மோர் என்ற வெள்ளைக்காரரின் பெயரோடு சி.எஸ். கிருஷ்ணசுவாமி என்ற பெயரும் இருக்கிறது. அவரை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? வீராணத்துப் பாசனத்தில் சேற்றில் நின்று நாற்று நடுகிறவர்கள் வாழும் மாவட்டத்தில், லேபில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய பெயர்.

எங்கள் மாவட்டத்துக்கு இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெயரில் கடலூர், இருப்பது சிதம்பரம் அண்ணாமலை நகரில். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக 1985-இல் தொடங்கியது. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பிறகு 2021-இல் மருத்துவத் துறையின் கீழ் வந்தது. ஆனால் ஏ.எஃப்.பி. ஸ்லைடு போட மருத்துவக் கல்லூரிகூடத் தேவையில்லை. காசநோய்த் திட்டத்தின் கீழ் சளி பார்க்கும் மைக்ராஸ்கோப் ஊர் ஊருக்கு இருக்கிறது. சாயம் அதேதான். சீழையும் பார்க்கச் சொல்லி யாராவது கேட்க வேண்டும், அவ்வளவே. கருவி வைத்த இடத்தில் கசிவு, சாதாரண ஆன்டிபயாட்டிக் கேட்கவில்லை, கல்ச்சரில் ஒன்றும் இல்லை என்று மூன்றும் சேர்ந்தால், “ஏ.எஃப்.பி. பார்த்தீங்களா, ஏழு நாள் வச்சீங்களா” என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை. எனக்கு யாராவது கேட்டிருந்தால் நான் நன்றியோடு இருந்திருப்பேன்.

லேபில் நான் மாற்றியது இரண்டு. கருவி, எலும்பு பிளேட், மெஷ், செயற்கை மூட்டு என்று உடம்புக்குள் வைத்த எதற்கு அருகிலிருந்து சீழ் வந்தாலும், இரண்டு பிளேட், இரண்டு சூடு, ஏழு நாள். ரிப்போர்ட்டிலும் வெறும் ‘நோ க்ரோத்’ எழுதுவதில்லை. ‘48 மணி நேரத்தில் வளர்ச்சி இல்லை, தொடர்ந்து பார்க்கிறோம்’ என்று எழுதுகிறேன். 30 டிகிரிக்கு இன்னொரு இன்குபேட்டர் வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் எட்டு மாதம் கேட்டேன். பழையது ஒன்று கிடைத்தது.

அப்பாவுக்கு இப்போது 79. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கருவியைச் சோதிக்கப் போகிறோம். நாலு வீதியில் இரண்டைத்தான் சுற்றுகிறார், வெயில் தாளவில்லை என்று. இரைகிற காதை என் பக்கம் திருப்ப மாட்டார். நான் இடது பக்கம் வந்து நடக்க வேண்டும்.

போன திங்கட்கிழமை பண்ருட்டிப் பக்கமிருந்து ஒரு அம்மாவின் மாதிரி வந்தது. பேஸ்மேக்கர் வைத்து இரண்டரை மாதம், தையல் ஓரத்தில் கசிவு. ஏ.எஃப்.பி. ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பிளேட்டும் உள்ளே இருக்கின்றன. இன்று நாலாம் நாள், வெளிச்சத்தில் பார்த்தேன், வெறுமைதான். காயாமல் இருக்கச் சுற்றி ஒட்டிய டேப்பைச் சரிபார்த்து, திரும்ப வைத்துவிட்டு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.